இயற்கை வாயுவிலிருந்து தொகுப்பு வாயு: நிக்கல் வினையூக்கியைத் தயாரித்துச் சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

மெத்தேனையும் நீராவியையும் சூடான நிக்கல் மேல் செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். இந்தக் கலவையைத்தான் தொகுப்பு வாயு என்கிறோம். அம்மோனியா, மெத்தனால், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வேண்டிய ஹைட்ரஜன் எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் படி. சென்னை மணலியில் நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் லேசான திரவத்தை) நம்பி ஓடிய உர ஆலை 2019-இல் இயற்கை வாயுவுக்கு மாறியது. அதுபோன்ற ஆலைகளில் மூலப்பொருள் மாறினாலும் ரிஃபார்மர் (இந்த வினை நடக்கும் உலை) குழாய்க்குள் வேலை செய்யும் உலோகம் நிக்கல்தான்.

இங்கே சொல்லப்போவது ஆய்வக அளவு வேலை: 10 சதவீத நிக்கல் உள்ள வினையூக்கியை சுமார் 10 கிராம் தயாரிப்பது, உலையில் ஏற்றுவது, ஒடுக்குவது (ஹைட்ரஜனால் ஆக்சைடை உலோகமாக்குவது), ஓட்டுவது, நிறுத்துவது, கடைசியில் அதன்மேல் எவ்வளவு கரி படிந்தது என்று அளப்பது. தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் வையுங்கள். நிக்கலுக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை, வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. கரி படியாமலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்காமலும் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதில்தான் ஒரு வினையூக்கி இன்னொன்றை வெல்கிறது. அதை மறைத்துவிடும்படி சோதனையை அமைப்பது மிகச் சுலபம். 'மெத்தேன் மாற்றம் 98 சதவீதம்' (உள்ளே போன மெத்தேனில் அவ்வளவு வினைபட்டது) என்று பெருமையாகப் போடப்படும் வரைபடங்களில் பல அப்படிப்பட்டவைதான்.

ஏன் நிக்கல், எந்தத் தாங்கி

மூன்று வினைகளைத் தெரிந்துகொண்டால் போதும். மெத்தேனும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் தரும் வினை மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். உருவான கார்பன் மோனாக்சைடு மீதி நீராவியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும்போது 41 கிலோஜூல் வெளிவரும். நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடை ஊட்டினால் அது உலர் ரிஃபார்மிங். உறிஞ்சும் வெப்பம் 247 கிலோஜூல். அதில் கரிப் பிரச்சினையும் பல மடங்கு.

உலோகங்களில் ரோடியமும் ரூதேனியமும் நிக்கலைவிட வேகமானவை. கார்பன் அவற்றுக்குள் கரைவது மிகக் குறைவு என்பதால் கரியும் குறைவு. ஆனால் விலை கட்டுப்படியாகாது. 1924-இல் நியூமன், ஜேகப் இருவரும் நிக்கல் மேல் இந்த வினையை முறையாக ஆராய்ந்தார்கள். 1930-இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் தொழிற்சாலை அளவில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து நிக்கலின் இடத்தை வேறு எதுவும் பிடிக்கவில்லை.

தாங்கியை, அதாவது நிக்கல் துகள்களைச் சுமக்கும் நுண்துளைப் பொருளை, தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். காமா அலுமினா கையில் இருக்கும், பரப்பளவும் அதிகம், அதனால் அதையே எடுப்பார்கள். 700 °செ.-க்கு மேல், நீராவியில், அது மெல்ல வேறு படிக வடிவங்களுக்கு மாறிச் சுருங்கும். நிக்கலும் அதற்குள் புகுந்து நிக்கல் அலுமினேட் ஆகிவிடும். தட்டில் இருக்கும் தூள் வான நீலமாக மாறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்த நிக்கலை ஒடுக்கி வெளியே கொண்டுவர 800 °செ.-க்கு மேல் போக வேண்டும். ஆலைகளில் ஆல்பா அலுமினா, கால்சியம் அலுமினேட், மக்னீசியம் அலுமினேட் ஆகியவற்றையே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். இந்த வழிகாட்டியில் மக்னீசியம் அலுமினேட்டை எடுத்துக்கொள்வோம்.

ஆபத்துகள்: கையுறை போடும் முன்பே படிக்க வேண்டியவை

நிக்கல் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை எனப் பட்டியலிடப்பட்டவை. உலர்ந்த தூளைத் திறந்த மேசையில் சலிக்கவோ இடிக்கவோ கூடாது; ஃபியூம் ஹூட்டுக்குள் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள்), துகள் வடிகட்டும் முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

அதைவிடக் கொடியது நிக்கல் கார்பனைல். ஒடுக்கப்பட்ட நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறைய 200 °செ.-க்குக் கீழே சந்தித்தால் இது உருவாகலாம். 43 °செ.-இல் கொதிக்கும் திரவம். மிகமிகச் சிறிய அளவே நுரையீரலைச் சிதைக்கும். அமெரிக்க விதிப்படி பணியிடக் காற்றில் அனுமதிக்கப்படும் அளவே நூறு கோடியில் ஒரு பங்குதான். ஆகவே விதி இதுதான்: உலை 300 °செ.-க்குக் கீழே இறங்கும் முன் கார்பன் மோனாக்சைடு முழுவதையும் நைட்ரஜனால் துரத்திவிட வேண்டும். சூடேற்றும்போதும் 300-ஐத் தாண்டாமல் அந்த வாயு உள்ளே வரக் கூடாது.

கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் இரண்டுக்கும் அலாரம் இல்லாமல் உலையை ஓட்டாதீர்கள். வெளியேறும் குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும்.

தயாரிப்பு

முதலில் தாங்கியைக் காற்றில் 900 °செ.-இல் 5 மணி நேரம் சுடுங்கள். பின்னால் சோதனையில் சுருங்க வேண்டியதெல்லாம் இப்போதே சுருங்கிவிடட்டும்.

அடுத்து நுண்துளைக் கொள்ளளவு. 120 °செ.-இல் உலர்த்திய தாங்கி 1 கிராமை ஒரு சிறு பீக்கரில் எடுத்து, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கிளறுங்கள். நீர் உள்ளே போகிறவரை தூள் தூளாகவே உதிரும். துளைகள் நிரம்பும் கணத்தில் ஒரே சொட்டில் அது பளபளத்துக் குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடம்தான் அளவு. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கிராமுக்கு 0.45 மி.லி. கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாங்கிக்கு வரும் எண்ணைக் கீழே பொருத்திக்கொள்ளுங்கள்.

தாங்கி 9.0 கிராம், நிக்கல் 1.0 கிராம். நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட்டின் மோலார் நிறை 290.8, நிக்கலின் அணுநிறை 58.7. எனவே வேண்டிய உப்பு 4.95 கிராம். தாங்கி ஏற்கும் நீர்மம் 4.05 மி.லி. முழு உப்பையும் அந்தச் சிறு அளவு நீரில் கரைக்கப் பார்த்தால் அறை வெப்பநிலையில் செறிவின் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். தட்டிலேயே படிகம் கட்டும். அதனால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள்: ஒவ்வொரு முறையும் 2.48 கிராம் உப்பு, கரைசலின் மொத்த அளவு 4.0 மி.லி. இந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் தன்மை உள்ளது. பாட்டில் அடியில் சொதசொதவென்று இருக்கும் உப்பை எடை போட்டால் நிக்கல் குறைந்துபோகும்.

கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் கிளறி, பச்சை நிறம் எங்கும் ஒரே சீராகப் பரவச் செய்யுங்கள். மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு உலர்த்தல். அவசரப்பட்டு நேரே 120 °செ. அடுப்பில் வைத்தால் வெளிப்பக்க நீர் முதலில் ஆவியாகி உள்ளே இருக்கும் கரைசலை வெளியே இழுக்கும். நிக்கல் எல்லாம் துகளின் தோலில் போய்ச் சேரும். முதல் சில மணி நேரம் 60 °செ.-இல் இடையிடையே புரட்டிவிட்டு, பின்பு இரவு முழுவதும் 110 °செ.-இல் வையுங்கள்.

முதல் தவணைக்குப் பின் 350 °செ.-இல் 2 மணி நேரம் சுட்டு ஆறவிட்டு, இரண்டாவது தவணையை ஏற்றுங்கள். இப்போது துளைகளில் கொஞ்சம் ஆக்சைடு உட்கார்ந்திருக்கும், 4.0 மி.லி.-யில் கடைசிச் சில சொட்டு ஏறாமல் நிற்கலாம். வடித்து ஊற்றிவிடாதீர்கள், அதில் நிக்கல் இருக்கிறது. கொஞ்சம் உலரவிட்டு அதையும் ஏற்றுங்கள். இறுதிச் சுடல்: நிமிடத்துக்கு 2 °செ. வீதம் 550 °செ. வரை, அங்கே 4 மணி நேரம். தூளை அரை சென்டிமீட்டருக்கு மேல் குவிக்காமல் பரப்பி, காற்றை ஓடவிடுங்கள். 200-லிருந்து 350 °செ.-க்குள் செம்பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு புகை வரும். உலையின் வாய் ஃபியூம் ஹூட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் புகை தூளுக்குள்ளேயே தேங்கினால் நிக்கல் ஆக்சைடு பெரிய கட்டிகளாக வளரும்.

எடையைப் பாருங்கள். 1.0 கிராம் நிக்கல் 1.27 கிராம் ஆக்சைடு ஆகும்; மொத்தம் 10.27 கிராம் வர வேண்டும். கொஞ்சம் குறைந்தால் தட்டில் ஒட்டிய இழப்பு. கூடினால் நைட்ரேட்டோ ஈரமோ மிச்சம் இருக்கிறது. நிக்கல் அளவை எப்படியும் வேதிப் பகுப்பாய்வில் உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டுரையில் 'கணக்குப்படி 10 சதவீதம்' என்று எழுதுவது போதாது.

உலையில் ஏற்றுதல்

தூளை அச்சில் அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, 180 முதல் 250 மைக்ரான் வரை சலித்து எடுங்கள் (60, 80 மெஷ் சல்லடைகளுக்கு இடையே நிற்பது). உள்விட்டம் 6 மி.மீ. உள்ள குவார்ட்ஸ் குழாய் போதும். குழாய் விட்டம் துகளைப்போல் 20 மடங்குக்கு மேல் இருப்பதால் வாயு சுவரோரமாக நழுவாது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வேண்டாம். அதில் உள்ள நிக்கலே மெத்தேனை மாற்றும், கரியையும் வளர்க்கும். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் உலோக உறைக்கும் இதே குற்றம் உண்டு. அதை மெல்லிய குவார்ட்ஸ் உறைக்குள் போட்டு, குழாயில் நிரப்பும் தூள் படுக்கையைத் தொடும்படி வையுங்கள்.

வினையூக்கி 100 மி.கி., வினையில் சேராத சிலிக்கான் கார்பைடு 900 மி.கி. கலந்து, குவார்ட்ஸ் பஞ்சின் மேல் ஏற்றித் தட்டிச் சமப்படுத்துங்கள். படுக்கை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் உயரம் வரும். கலக்காமல் போட்டால் இந்த வினை உறிஞ்சும் வெப்பத்தில் படுக்கையின் நடுப்பகுதி உலை காட்டுவதைவிடப் பல பத்து டிகிரி குளிர்ந்துவிடும். உலை காட்டும் எண்ணை ஒருபோதும் வினையின் வெப்பநிலையாக எழுதாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வெற்றுச் சோதனை: குழாயில் சிலிக்கான் கார்பைடு மட்டும் வைத்து 800 °செ. வரை முழு ஊட்டத்தோடு (உள்ளே செலுத்தும் வாயுக் கலவையோடு) ஓட்டுங்கள். மெத்தேன் மாற்றம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ உலோகம் வாயுவைத் தொடுகிறது.

ஒடுக்கல்

நைட்ரஜனில் 10 சதவீத ஹைட்ரஜன், நிமிடத்துக்கு 50 மி.லி. நிமிடத்துக்கு 5 °செ. வீதம் 800 °செ. வரை போய் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். தனி நிக்கல் ஆக்சைடு 400 °செ.-ஐ ஒட்டியே ஒடுங்கும். மக்னீசியத்தோடு இறுகிப்போனது 750-க்கு மேல்தான் அசையும். சோதனை வெப்பநிலையைவிட ஒடுக்கல் வெப்பநிலை அதிகமாக இருப்பது நல்லது. நிக்கல் 1455 °செ.-இல் உருகும் என்றாலும் 590 °செ.-ஐ ஒட்டியே அதன் துகள்கள் இடம்பெயர்ந்து இணையத் தொடங்கும், நீராவி இருந்தால் இன்னும் விரைவாக. அந்த முதல் பெருக்கத்தை ஒடுக்கலின்போதே முடித்துவிட்டால் சோதனையில் மெத்தேன் மாற்றத்தின் கோடு கீழே சாய்வதற்கு ஒரு காரணம் குறையும்.

ஊட்டமும் நீராவியும்

மெத்தேன் 20, நைட்ரஜன் 20, நீராவி 60, நிமிடத்துக்கு மி.லி., 0 °செ. கணக்கில். நீராவிக்கும் கார்பனுக்கும் விகிதம் 3. திரவமாகப் பார்த்தால் நிமிடத்துக்கு 48 மைக்ரோலிட்டர் நீர். இவ்வளவு சிறிய ஓட்டத்தைச் சீராக ஆவியாக்குவதுதான் இந்தச் சோதனையில் மிகக் கடினமான வேலை. ஆவியாக்கியில் கண்ணாடி மணிகளை நிரப்பி 160 °செ.-இல் வையுங்கள், நீர் வரும் நுண்குழாயின் முனை மணிகளைத் தொட்டபடி இருக்கட்டும். முனை அந்தரத்தில் நின்றால் சொட்டு பெருத்து விழும். ஒவ்வொரு சொட்டுக்கும் அழுத்தம் துள்ளும். மெத்தேன் அளவீடு ரம்பப் பல்லாகத் தெரியும். ஆவியாக்கியிலிருந்து உலை வரை குழாய் முழுவதும் 130 °செ.-க்குக் குறையக் கூடாது. இணைப்பு நட்டுகள்தான் பொதுவாகக் குளிர்ந்துபோகும் இடம்; அவற்றையும் சுற்றிக் கட்டுங்கள்.

நீரைக் கொதிக்கவைத்துக் காற்று நீக்கி நிரப்புங்கள். பம்பில் ஒரு குமிழி சிக்கினால் நீராவி நிற்கும், மெத்தேன் மட்டும் ஓடும். சில நிமிடம் போதும், படுக்கை கரியால் அடைத்துக்கொள்ள. பம்பின் அழுத்தம் விழுந்தால் மெத்தேன் வால்வு தானே மூடும்படி இணைப்பு செய்துவையுங்கள். சோதனையை விடிய விடிய ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயம்.

வரிசையும் முக்கியம். தொடங்கும்போது ஹைட்ரஜன் கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்க, நீராவியைத் திறந்து, அது நிலைப்பட்டபின் மெத்தேன், கடைசியில் ஹைட்ரஜனை மூடுதல். நிறுத்தும்போது முதலில் மெத்தேன். நீராவியைத் தனியாக நெடுநேரம் விட்டால் நிக்கல் மறுபடி ஆக்சைடாகிவிடும்.

வாயு சுத்தமாக இருக்கட்டும். வீடுகளுக்கு வரும் குழாய் வாயுவில் கசிவு தெரிய மெர்காப்டன் கலந்திருக்கும். அந்த மணமே கந்தகம். ஹைட்ரஜன் சல்பைடு மில்லியனில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலே நிக்கல் பரப்பை மூடத் தொடங்கும். ஆலைகளில் கோபால்ட்–மாலிப்டினம் மேல் கரிமக் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக்கி, 350–400 °செ.-இல் துத்தநாக ஆக்சைடு படுக்கையில் பிடிப்பார்கள். ஆய்வகத்தில் சிலிண்டர் மெத்தேனுக்கும் ஒரு சிறு துத்தநாக ஆக்சைடு படுக்கை வைப்பது வீண் செலவு இல்லை.

அளவீடு

வெளிவாயுவைப் பனிக்கட்டிப் பொறியில் குளிர்வித்து நீர் நீக்கி, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃபுக்கு அனுப்புங்கள். கடத்தும் வாயு ஆர்கானாக இருக்கட்டும். ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனுக்கு அருகில் இருப்பதால் ஹைட்ரஜன் சிகரம் கோணலாக வரும். கார்பன் டை ஆக்சைடு மாலிகுலர் சீவ் நிரப்பிய பத்தியில் (பிரிப்புக் குழாயில்) சிக்கிக்கொள்ளும். அதற்கு நுண்துளைப் பாலிமர் நிரப்பிய தனிப் பத்தி வேண்டும்.

ஊட்டத்தில் நைட்ரஜன் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்கு பாருங்கள். உலர் ஊட்டத்தில் மெத்தேன் 50, நைட்ரஜன் 50 சதவீதம். பாதி மெத்தேன் மாறியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு கார்பன் டை ஆக்சைடு ஆனது என்றால், உலர் வெளிவாயுவில் ஹைட்ரஜன் 48.7, நைட்ரஜன் 25.6, மெத்தேன் 12.8, கார்பன் டை ஆக்சைடு 10.3, கார்பன் மோனாக்சைடு 2.6 சதவீதம். மெத்தேன் 50-லிருந்து 12.8-க்கு வந்ததை மட்டும் பார்ப்பவர் 74 சதவீத மாற்றம் என்று எழுதுவார். உண்மை 50. வாயுவின் மொத்த அளவு பெருகியதை அவர் மறந்துவிட்டார். மாறாத நைட்ரஜனோடு மெத்தேனை ஒப்பிட்டால் 12.8-க்கு 25.6, சரியாகப் பாதி. வெளிவரும் கார்பனின் கூட்டுத்தொகை உள்ளே போனதில் 97 முதல் 103 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு மாதிரிக்கும் பாருங்கள்.

சமநிலை என்னும் திரை

மேலே சொன்ன ஊட்டத்தில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் உச்ச மாற்றம், அதாவது சமநிலை மாற்றம், 700 °செ.-இல் ஏறக்குறைய 98 சதவீதம், 600 °செ.-இல் ஏறக்குறைய 80. நல்ல நிக்கல் 100 மி.கி. இருந்தால் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். தொட்டபின் வினையூக்கியில் பாதி செத்துப்போனாலும் எண் அசையாது. மீதிப் பாதியே எல்லையைத் தொடப் போதும். நூறு மணி நேரம் நேர்கோடாக ஓடிய வரைபடம், உண்மையில் படுக்கையின் மேல்பகுதி மெல்ல மெல்லச் சாவதை மறைத்துக்கொண்டிருக்கலாம்.

வேகத்தை ஒப்பிட வேண்டுமானால் 550 °செ.-இல் 20 மி.கி. வினையூக்கியை 400 மி.கி. சிலிக்கான் கார்பைடில் கலந்து, மாற்றம் சமநிலையில் பாதிக்கும் கீழே, முடிந்தால் 20 சதவீதத்துக்குள் நிற்கும்படி ஓட்டத்தைக் கூட்டுங்கள். பிறகு வினையூக்கியையும் ஓட்டத்தையும் ஒருசேர இரட்டிப்பாக்கிப் பாருங்கள். மாற்றம் மாறாவிட்டால் வாயு துகளைச் சென்றடைவதில் தடை இல்லை. நிலைப்பைச் சோதிப்பதும் இந்தத் தாழ்ந்த மாற்றத்தில்தான்: ஐம்பது மணி நேரம், இடையில் எதையும் தொடாமல்.

ஆலை வேறு உலகம். அங்கே குழாய்கள் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம், 20 முதல் 40 வளிமண்டல அழுத்தம், வெளியேறும் வாயு 800 °செ.-க்கு மேல். துளையிட்ட வளையங்களாக வரும் வினையூக்கியில் வெளிப்புற மெல்லிய அடுக்கு மட்டுமே வேலை செய்யும். உட்புறத்தில் ஐந்து சதவீதம்கூடப் பயன்படாது. அங்கே வினையூக்கி சோர்ந்தால் அதைக் குழாய்ச் சுவரின் சிவப்பில் பார்க்கலாம்: வினை உறிஞ்ச வேண்டிய வெப்பம் உறிஞ்சப்படாமல் அந்த இடம் பட்டையாகப் பழுக்கும்.

நிறுத்தி, கரியை அளத்தல்

மெத்தேனை மூடி, நீராவியை மூடி, சோதனை வெப்பநிலையிலேயே நைட்ரஜனை அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதன் பிறகே குளிரவிடுங்கள். அறை வெப்பநிலைக்கு வந்தபின் நைட்ரஜனில் ஒரு சதவீத ஆக்சிஜன் கலந்து ஒரு மணி நேரம் செலுத்துங்கள். ஒடுக்கப்பட்ட நிக்கலைச் சட்டென்று காற்றில் கொட்டினால் தானே கனன்று, படிந்த கரியையும் எரித்துவிடும். அளக்க ஒன்றும் மிஞ்சாது.

நிக்கல் மேல் வளரும் கரி பெரும்பாலும் இழை வடிவம். மெத்தேன் உடைந்து வரும் கார்பன் நிக்கலுக்குள் கரைந்து மறுபக்கம் இழையாக வெளிப்படும்; நிக்கல் துகள் இழையின் நுனியில் ஏறி உட்கார்ந்து தாங்கியை விட்டே கிளம்பிவிடும். நுனியில் நிக்கல் பரப்பு திறந்தே இருப்பதால் மாற்றம் குறையாது. மாற்றம் அப்படியே இருக்க அழுத்த வீழ்ச்சி மட்டும் ஏறினால், இழைகள் துளைகளுக்குள் வளர்ந்து துகளைப் பிளந்து தூளாக்குகின்றன என்று அறியுங்கள். ஆகவே உலைக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்து, அந்த எண்ணையும் மாற்றத்தோடு சேர்த்துக் குறித்துவாருங்கள்.

கரிச் சோதனைக்கென்று ஓட்டும்போது சிலிக்கான் கார்பைடை 500 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகளாக எடுத்தால் பின்னால் சல்லடையில் பிரித்துவிடலாம். பிரித்த வினையூக்கி 20 மி.கி.-யை வெப்ப எடையறி கருவியில், காற்றில், நிமிடத்துக்கு 10 °செ. வீதம் 800 °செ. வரை ஏற்றுங்கள். 250 °செ. கடந்ததும் எடை முதலில் ஏறும். அது நிக்கல் ஆக்சைடாவது. மாதிரியில் 2 மி.கி. நிக்கல் இருந்தால் அது முழுக்க ஆக்சைடாகும்போது 0.55 மி.கி. கூடும். பிறகு 500 முதல் 650 °செ.-க்குள் இழைக் கரி எரிந்து எடை இறங்கும். தொடக்க எடைக்கும் முடிவு எடைக்கும் உள்ள வித்தியாசத்தையே கரி என்று எழுதினால், 1.5 மி.கி. கரி வெறும் 0.95 ஆகத் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். மேற்பரப்பை மூடிய மெல்லிய ஆக்சைடு எவ்வளவு என்று தெரியாததால், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் கூடவே அளந்தால்தான் கணக்கு நேராகும். கரியை வினையூக்கியின் ஒரு கிராமுக்கு, ஒரு மணி நேரத்துக்கு என்று குறிப்பதோடு, அதே நேரத்தில் மாறிய மெத்தேனில் எத்தனை பங்கு கரியானது என்றும் சேர்த்து எழுதுங்கள். வேகம் குறைந்த வினையூக்கி ஒன்றும் செய்யாமலேயே 'கரி படியாதது' என்று பெயர் வாங்குவதை அந்த இரண்டாவது எண் தடுக்கும்.